மூன்று நாட்டுச் சிறைகள் கண்ட மார்கரெட் கசின்ஸ்

திருப்பதியிலிருந்து பாகராபேட்டை மலைப்பாதை ஏறி, பீலேறு, வாயல்பாடு தாண்டிப் போனால் மதனப்பள்ளி வரும். தக்காளி மண்டிக்குப் பேர்போன ஊர். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்ததும் இங்கேதான். மாவட்டங்கள் பிரிக்கப்படுவதற்கு முன்பு, 1911-லிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக சித்தூர் மாவட்டத்தோடு இருந்த ஊர் இது. 1915-ல் அன்னி பெசன்ட் தொடங்கிய தியசாபிகல் கல்லூரி இங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் வெளியூராரிடம் பெருமையாகச் சொல்லும் கதையும் அந்தக் கல்லூரியைப் பற்றியதுதான். 1919 பிப்ரவரி கடைசியில் ரவீந்திரநாத் தாகூர் இங்கே வந்து சில நாட்கள் தங்கினார்; 'ஜன கண மன' பாடலை மாணவர்கள் நடுவே பாடினார்; கல்லூரி முதல்வரின் மனைவி அதன் மெட்டைக் குறித்துக்கொண்டார்; பாடலின் ஆங்கில வடிவத்தை பிப்ரவரி 28-ம் தேதி தாகூர் இங்கேயே எழுதிக் கொடுத்தார்.

கதை பெரும்பாலும் அந்த இடத்தோடு முடிந்துவிடும். மெட்டைக் குறித்த அந்தப் பெண்மணி யார் என்று யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. அவர் பெயர் மார்கரெட் கசின்ஸ். மதனப்பள்ளிக்கு வருவதற்கு முன்பே லண்டனில் ஒரு முறையும் அயர்லாந்தில் ஒரு முறையும் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மூன்றாவது முறை அவரை வைத்திருந்த சிறை வேலூரில், சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. எழுத்தாளர், பத்திரிகையாளர், இசை ஆசிரியை, பெண்களின் வாக்குரிமைக்காக இரண்டு தேசங்களில் போராடியவர். நம் பக்கத்துப் பெண்கள் ஓட்டுப் போடுவதில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

1878-ல் அயர்லாந்தின் பாயில் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினைந்து குழந்தைகளில் மூத்தவர். அந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளைக்குக் கிடைத்த சலுகை பெண் பிள்ளைக்குக் கிடைக்காததைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். டப்ளினில் இசை படித்து, 1902-ல் இசையில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸைத் திருமணம் செய்துகொண்டார். யேட்ஸ் போன்றவர்கள் முன்னின்று நடத்திய ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சியைச் சேர்ந்தவர் ஜேம்ஸ். கவிதையும் நாடகமும் எழுதியவர். கணவன் மனைவி இருவரும் சைவ உணவுக்காரர்கள். அந்தக் கால டப்ளினில் அது பெரிய விசித்திரம். 1904-ல் தங்க இடமில்லாமல் இருந்த இளம் ஜேம்ஸ் ஜாய்ஸுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சில நாட்களிலேயே பெட்டியைக் கட்டிவிட்டார்.

பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற போராட்டத்துக்குள் மார்கரெட் வந்தது 1906 வாக்கில். 1908-ல் தோழி ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். தெருமுனைக் கூட்டங்களிலும் சந்தைத் திடல்களிலும் பேசினார். அழுகிய முட்டை வீச்சையும் கேலியையும் எதிர்கொண்டார். 1912-ல் ஜேம்ஸும் ஹன்னாவின் கணவர் ஃபிரான்சிஸும் சேர்ந்து 'ஐரிஷ் சிட்டிசன்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்கள். மனைவிகள் களத்தில், கணவர்கள் அச்சகத்தில் என்று அந்த இரண்டு குடும்பங்களும் வேலையைப் பகிர்ந்துகொண்டன.

1910 நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற பெண்களைப் போலீசார் மணிக்கணக்கில் அடித்து இழுத்துத் தள்ளினார்கள். வரலாற்றில் அதற்குக் கறுப்பு வெள்ளி என்று பெயர். அந்த நாட்களில் டப்ளினிலிருந்து போயிருந்த மார்கரெட், அமைச்சர்கள் குடியிருந்த டவுனிங் தெருவில் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துக் கைதானார். ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913 ஜனவரியில் மீண்டும் கல்லெடுத்தார். இந்த முறை அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமைப்பீடமான டப்ளின் கோட்டையின் ஜன்னல்கள். மறுபடியும் ஒரு மாதத் தண்டனை; டலமோர் சிறை.

டலமோரில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்கரெட்டும் உடன் கைதான பெண்களும், தங்களைத் திருடர்களோடும் குடிகாரர்களோடும் சேர்க்கக் கூடாது, அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். சிறை நிர்வாகம் மறுத்தது. சாப்பிட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சில நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. அவர்கள் கேட்டது கிடைத்தது. பட்டினியை ஆயுதமாக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டில் உலகத்துக்குக் காட்டியவர்கள் வாக்குரிமை கேட்ட பெண்கள்தான். அயர்லாந்து விடுதலை வீரர்களும் நம் பகத் சிங்கும் ஜதின் தாஸும் அதைக் கையில் எடுத்தது அதற்குப் பின்னால்.

இன்று ஈரானில் அதே போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. டெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தபடியே 2023-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார் நர்கெஸ் முகமதி. பத்திரிகையாளர், மனித உரிமைப் போராளி, மருத்துவ வசதி கேட்டும் சிறைக் கொடுமைகளைக் கண்டித்தும் பலமுறை உண்ணாவிரதம் இருந்தவர். தனிக்கொட்டடியில் அடைக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டி ஒரு புத்தகமாக்கினார். பரிசை வாங்க ஆஸ்லோவுக்குப் போனவர்கள், பாரீஸில் தந்தையோடு அகதி வாழ்க்கை வாழும் அவருடைய இரட்டைப் பிள்ளைகள். அவருக்கு முன் 2003-ல் அதே பரிசைப் பெற்ற ஷிரின் எபாதி, 2009-லிருந்து நாடு திரும்ப முடியாமல் வெளிநாட்டில் இருக்கிறார். எழுதினால் சிறை, சிறை தாண்டினால் அந்நிய மண் என்ற நிலை நூறு ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை.

மார்கரெட்டை யாரும் நாடு கடத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வருமானம் போதாமல் 1913-ல் தம்பதி லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தார்கள்; அங்கே ஜேம்ஸ் ஒரு சைவ உணவுத் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1915-ல் அன்னி பெசன்ட், தம் 'நியூ இந்தியா' நாளிதழுக்கு ஜேம்ஸை அழைத்தார். சென்னைக்குக் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு அயர்லாந்து அவர்களுக்கு வந்துபோகும் ஊராக மட்டுமே இருந்தது. அதே வருடங்களில், இதே மாகாணத்தின் எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுப் புதுச்சேரியில், கைதுக்குத் தப்பி 1908-லிருந்து சுப்பிரமணிய பாரதி ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

சென்னைக்கு வந்து ஆறு மாதம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதை பிரிட்டிஷ் ராணுவம் நசுக்கியது. தலைவர்களை மே மாதத்தில் வரிசையாகச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பியர்ஸ், மக்டோனா, பிளங்கெட் என்று கவிஞர்களே மூவர். எழுச்சியில் ஆயுதமே எடுக்காத, கொள்ளையைத் தடுக்க ஆள் சேர்க்கத் தெருவில் இறங்கிய ஃபிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டனையும் விசாரணை இல்லாமல் பாசறைக்குள் நிறுத்திச் சுட்டார்கள். மார்கரெட்டின் உற்ற தோழி ஹன்னா விதவையானார். சென்னையில் இருந்த ஜேம்ஸ் பொறுக்க மாட்டாமல், எழுச்சிக்காரர்களைப் போற்றி 'நியூ இந்தியா'வில் எழுதிவிட்டார். ஏற்கனவே அரசின் கண்ணில் உறுத்திக்கொண்டிருந்த பத்திரிகை அது. அதே மே மாதம் 2,000 ரூபாய் ஜாமீன் கட்டச் சொன்னார்கள். பின்பு அதைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் கேட்டார்கள். ஜேம்ஸின் பத்திரிகை வேலை போயிற்று. பெசன்ட் அவரைக் கைவிடவில்லை. மதனப்பள்ளிக் கல்லூரிக்கு ஆசிரியராக அனுப்பினார். கசின்ஸ் குடும்பம் சித்தூர் சீமைக்கு வந்தது இப்படித்தான். டப்ளினில் விழுந்த துப்பாக்கிக் குண்டுகள்தான் அவர்களை மதனப்பள்ளிக்குத் தள்ளின.

மார்கரெட் அங்கே பாடம் நடத்தினார், ஓய்ந்திருக்கவில்லை. கல்லூரி ஆசிரியர்களின் மனைவிமாரையும் ஊர்ப் பெண்களையும் ஒன்றுசேர்த்த 'அபலா அபிவர்த்தினி சமாஜம்' என்ற சிறு சங்கத்தோடு இணைந்து வேலை செய்தார். வீட்டு வாசலைத் தாண்டாத பெண்கள் வாரம் ஒரு முறையாவது வெளியே வந்து பேசட்டும் என்பதுதான் நோக்கம். இந்தச் சிறு முயற்சியின் விரிவாக்கமாக 1917 மே மாதம் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் பிறந்தது. பெசன்ட் தலைவர்; மார்கரெட், டோரதி ஜினராஜதாசா போன்றோர் நிறுவனர்கள். அடுத்த மாதமே, ஜூன் 1917-ல், பெசன்ட்டை ஊட்டியில் வீட்டுச் சிறை வைத்தது சென்னை அரசு. செப்டம்பரில் விடுதலையான அவர், ஆண்டுக் கடைசியில் காங்கிரஸ் தலைவரானார்.

அந்த வருடக் கடைசியில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் அரசியல் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. இந்தியாவுக்கு எப்படிப்பட்ட சீர்திருத்தம் கொடுப்பது என்று விசாரிக்க பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் எட்வின் மாண்டேகு ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். பெண்கல்வி பற்றிப் பேச நேரம் வேண்டும் என்று மார்கரெட் விண்ணப்பித்தார். அரசியல் விஷயமாக வரும் தூதுக்குழுக்களைத்தான் சந்திப்போம் என்று பதில் வந்தது. வேறொருவராக இருந்தால் மனுவை மடித்து வைத்திருப்பார். டலமோரில் பட்டினி கிடந்த இந்தப் பெண், அரசியல்தானே வேண்டும் என்று மனுவையே திருத்தினார். வாக்காளர் யார் என்று எழுதும்போது பெண்களையும் மக்களாகவே கணக்கில் கொள்ள வேண்டும், ஆண்களுக்கு என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று சேர்த்தார். 1917 டிசம்பரில் சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்து இதைக் கொடுத்தது. இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கை அரசாங்கத்தின் கையில் முதலில் சேர்ந்தது அன்றுதான். அதன் வரைவை எழுதிய கை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் டப்ளின் கோட்டை ஜன்னலில் கல்லெறிந்த கை.

வாக்குரிமை பற்றி விசாரித்த பிரிட்டிஷ் குழு அதை உடனே ஏற்கவில்லை. இந்தியப் பெண்கள் இன்னும் தயாராகவில்லை என்றார்கள். கடைசியில் 1919 சட்டம், முடிவை மாகாண சட்டசபைகளின் தலையில் கட்டியது. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னை சட்டசபை முதலில் முடிவெடுத்தது: பெண்களுக்கும் ஓட்டு. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். சொத்தும் வரியும் நிபந்தனையாக இருந்ததால், பயன் அடைந்த பெண்கள் மிகச் சிலர்தான். ஆனாலும் பெண் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கிவைக்கும் தடை நீங்கியது. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928-ல்தான் வந்தது. இந்த ஒப்பீட்டைத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில்தான் சித்தூரும் திருப்பதியும் இருந்தன.

இதற்கு நடுவில்தான் 1919-ல் தாகூர் மதனப்பள்ளி வந்தது. கல்லூரி அப்போது அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகி, பெசன்ட்டின் தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. அதன் வேந்தர் தாகூர். ஒரு மாலை, மாணவர்கள் கூடிப் பாடும் நிகழ்ச்சியில் தாகூரே பாட முன்வந்தார். முதல் பத்தியின் முடிவில் 'ஜய ஹே' வந்ததும் மாணவர்கள் தாமாகவே கூடச் சேர்ந்துகொண்டார்கள் என்று ஜேம்ஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். பாடல் புதிதல்ல, 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸிலேயே பாடப்பட்டது. மார்கரெட் செய்தது, தாகூர் பாடப் பாட அந்த மெட்டை மேற்கத்திய இசைக் குறிகளில் எழுதி, அவர் ஒப்புதலோடு நிலைநிறுத்தியது. கல்லூரி அதைத் தன் காலைப் பாடலாக ஏற்றது. ஹாலோவேயும் டலமோரும் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் இசைப் படிப்பு அந்த அறையில் நமக்குப் பயன்பட்டது.

பேனாவும் சும்மா இருக்கவில்லை. 1918-லிருந்து இந்தியப் பெண்கள் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மா' இதழை நடத்தியவர்களில் முதன்மையானவர் மார்கரெட். ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் பக்கங்கள் இருந்தன. குழந்தைத் திருமணம், பெண்கல்வி, தேவதாசி முறை, வெளிநாட்டுப் பெண்களின் போராட்டச் செய்திகள் என்று எல்லாம் அதில் வந்தன. பிற்பாடு அதன் ஆசிரியப் பொறுப்பை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஏற்றார். 1922-ல் ஆசியப் பெண்களின் விழிப்புணர்ச்சி பற்றி மார்கரெட் ஒரு நூல் எழுதினார். 1941-ல் இந்தியப் பெண்மை பற்றி இன்னொன்று. 1950-ல் கணவரும் மனைவியும் மாறி மாறி எழுதிய சுயசரிதை வந்தது. மதனப்பள்ளி நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து கிடைப்பதே.

1922-ல் சென்னை அரசு அவரை சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமித்தது. இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பதவி கிடைத்ததும் அடங்கிப் போகிறவராக இருந்திருந்தால் அதோடு வாழ்க்கை சுகமாக ஓடியிருக்கும். 1926-ல் பெண்கள் சட்டசபைக்குப் போட்டியிடலாம் என்று ஆனதும், கமலாதேவி சட்டோபாத்யாயாவைத் தூண்டிவிட்டுத் தேர்தலில் நிற்க வைத்தார். அவருக்காகப் பிரசாரமும் செய்தார். கமலாதேவி மயிரிழையில் தோற்றார். அதே காலத்தில் சங்கத்தின் முயற்சியால் நியமன உறுப்பினராக முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் நுழைந்தார், துணைத் தலைவரானார். அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் முதல் கூட்டம் 1927 ஜனவரியில் புனேயில் நடந்தது. அதற்கு அழைப்பு விடுத்துப் பல பகுதிப் பெண்களுக்குக் கடிதம் எழுதியவரும் மார்கரெட்தான்.

1932-ல் சட்டமறுப்பு இயக்கத்தை நசுக்க அரசு அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்து, அவற்றை நிரந்தரமாக்கவும் முனைந்தது. பேச்சு, கூட்டம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் பூட்டு. சென்னைப் பொதுக்கூட்டங்களில் மார்கரெட் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். டிசம்பரில் கைது செய்தார்கள். பத்து வருடம் முன்பு தாமே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்த அதே நகரத்தில், இன்னொரு மாஜிஸ்திரேட் முன் கைதியாக நின்றார். இனி இப்படிப் பேச மாட்டேன் என்று ஜாமீன் கட்டினால் வீட்டுக்குப் போகலாம். கட்ட மறுத்தார். ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. அவருக்கு அப்போது வயது 54.

வேலூர் பெண்கள் சிறை அந்த வருடங்களில் தென்னிந்தியப் பெண் போராளிகளின் இரண்டாவது வீடாக இருந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி அங்கே போனார். அம்புஜம்மாள் போனார். பிற்பாடு அரசியலமைப்பு அவை உறுப்பினரான துர்காபாய் அங்கே இருந்தபோது, ஒன்றும் அறியாமல் தண்டனை பெற்றுக் கிடந்த ஏழைப் பெண்களைப் பார்த்துத்தான் சட்டம் படிக்க முடிவு செய்தார். அந்தச் சுவர்களுக்குள் மார்கரெட்டும் 1933 அக்டோபர் வரை இருந்தார். ஐரோப்பியர் என்பதால் இந்தியப் பெண்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு அவருக்கு இருந்தது என்று சொல்லலாம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் இந்தியாவுக்காகப் பேசிய ஐரோப்பியரையும் அரசு சும்மா விடவில்லை. 'பம்பாய் கிரானிக்கிள்' ஆசிரியர் பெஞ்சமின் ஹார்னிமனை 1919-ல் கப்பலேற்றி நாடு கடத்தியது. மார்கரெட் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். தமக்குத் தேவையே இல்லாத ஒரு சிறைவாசத்தை அவர் விரும்பி ஏற்றார்; என் பார்வையில் அவருடைய மூன்று சிறைவாசங்களில் இதுவே பெரியது.

விடுதலையான பின் அவர் எடுத்த இன்னொரு முடிவும் அதே அளவுக்கு மதிக்கத் தக்கது. இந்தியப் பெண்களே தலைமைக்கு வந்துவிட்டார்கள், இனி நேரடிப் போராட்டத்தில் நான் முன்னால் நிற்பது தேவையுமில்லை, அவர்கள் விரும்புவதாகவும் இல்லை என்று உணர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வந்தார். 1936-ல் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததோடு பெரிய பொறுப்புகளிலிருந்து ஒதுங்கினார். இயக்கத்தைத் தொடங்கியவர் அதை விட்டுக்கொடுப்பது எவ்வளவு அபூர்வம் என்று அரசியலைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

1940-களில் பக்கவாதம் தாக்கியது. எழுந்து நடமாட முடியாமல் போனது. கையில் பணமும் இல்லை. சென்னை அரசு உதவித்தொகை கொடுத்தது. பிற்பாடு பிரதமர் நேருவும் அவருடைய பங்கைப் பாராட்டிப் பண உதவி செய்தார். 1950 ஜனவரி 24 அன்று 'ஜன கண மன' தேசிய கீதமானது. 1954 மார்ச் 11 அன்று சென்னையில் மார்கரெட் காலமானார். இரண்டு வருடம் கழித்து ஜேம்ஸ் மதனப்பள்ளியில் இறந்தார்.

தேசிய கீதத்துக்கு மெட்டுக் குறித்தவர் என்ற ஒற்றை வரியோடு மார்கரெட் கசின்ஸை முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். மதனப்பள்ளிக் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் தாகூர் கதையைக் கேட்டுவிட்டு, மார்கரெட்டின் வேலூர்ச் சிறை வருடத்தையும் 1917 டிசம்பர் மனுவையும் பற்றி அங்குள்ள மாணவிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.